பற்றரி ஆராய்ச்சிக்கு அரச நிதி: மட்டக்களப்பு, அம்பாறை ஆய்வாளர்களுக்கான கேள்வி பதில்

போன், லப்டொப், டோர்ச், வைஃபை ரூட்டர் போன்ற அன்றாடப் பொருள்களுக்கு நல்ல பற்றரி செய்யும் ஆராய்ச்சிக்கு அரச பணம் எப்படிக் கிடைக்கிறது, கிடைத்த பிறகு அது எங்கே சிக்குகிறது என்பதுதான் இங்கே விடயம். வந்தாறுமூலை, ஒலுவில், சம்மாந்துறை பல்கலைக்கழக வளாகங்களில் இருப்பவர்களையும், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படிப்பவர்களையும், போன் திருத்தும் கடைக்காரர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

போன் கம்பெனிகளிடம் இல்லாத பணமா? இதற்கு ஏன் மக்களின் வரிப்பணம்?

கம்பெனி பணம் போடுவது இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் கடைக்கு வரக்கூடிய பொருளுக்கு. ஒரு புதிய பற்றரிப் பதார்த்தம் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவே பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அந்த இடைவெளியைப் பெரும்பாலும் பொதுப்பணம்தான் தாங்குகிறது.

இன்று நம் கையிலிருக்கும் லிதியம் அயன் பற்றரியின் கதையே இதற்குச் சான்று. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹம் எக்சோன் கம்பெனியில் முதல் வடிவத்தைச் செய்தார். கம்பெனி பின்னர் அதைக் கைவிட்டது. 1980இல் ஜோன் குட்இனஃப் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் லிதியம் கோபால்ட் ஒட்சைட்டைக் கதோட்டாக்கி (நேர்முனையாக்கி) காட்டினார். 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ காபன் அனோட்டோடு (எதிர்முனையோடு) அதை இணைத்தார். சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல். மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2019இல்.

பெரிய நாடுகள் இதற்குச் செலவிடும் தொகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா 2012இல் ஆர்கோன் ஆய்வுகூடத்தின் தலைமையிலான மின்சேமிப்பு ஆராய்ச்சி மையத்துக்கு ஐந்து வருடத்துக்கென 120 மில்லியன் டொலர் ஒதுக்கியது. பிரித்தானியா 2017இல் ஃபரடே திட்டத்துக்கு 246 மில்லியன் பவுண் அறிவித்தது. இந்தப் பணத்தில் பெரும்பகுதி வாகனத்தையும் மின்வலையமைப்பையும் குறிவைத்தது. போனுக்கென்று தனியாக ஒதுக்குவது உலகிலேயே அரிது. அதனால் உங்கள் முன்மொழிவும் "போன் பற்றரி" என்று தொடங்காமல், பதார்த்தம், வெப்பம், ஆயுள் போன்ற அடிப்படைச் சிக்கலில் தொடங்கி, போனைப் பயன்பாடாகக் காட்டினால் நல்லது.

இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகை. இந்த அளவுக்குள் எந்தக் கேள்விக்கு முழுமையாக விடை காணலாம் என்று பார்த்துத் தலைப்பெடுப்பவர்தான் ஏதாவது முடித்துக் காட்டுவார்.

இலங்கையில் எந்தக் கதவைத் தட்டுவது?

தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை இரண்டும் போட்டி அடிப்படையில் மானியம் கொடுக்கின்றன. இரண்டும் தனி ஆளுக்கல்ல, நிறுவனம் ஒன்றில் இருக்கும் பிரதம ஆய்வாளருக்கே கொடுக்கும். பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு வந்து, நிதியாளர் கையொப்பத்தோடுதான் வெளியே போகும். உங்கள் பல்கலைக்கழகமே கொடுக்கும் சிறிய ஆராய்ச்சி நிதியும் உண்டு. அது சிறிய தொகைதான், ஆனால் அதில் எடுத்த முதல் தரவு இல்லாமல் பெரிய மானியத்துக்கு எழுதினால் மதிப்பீட்டாளர் நம்புவது கடினம். முதலில் அதை எடுங்கள்.

நிறுவனம் சாராத ஒருவர் சாதனம் ஒன்றைச் செய்திருந்தால், 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பாடசாலை மாணவர்களும் அங்கே போகலாம். "சஹசக் நிமவும்" போட்டியை நடத்துவது அவர்கள்தான். சிறு உற்பத்தி யோசனை என்றால் பிரதேச செயலகத்தோடு சேர்ந்த விதாதா வள நிலையத்தில் முதலில் பேசிப் பாருங்கள்.

கருவி இல்லாதவர்கள் கருவி வாங்க நினைக்கும் முன்பு, இருப்பவர்களோடு சேர வேண்டும். கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தில் நம் நாட்டுக் கிராபைட்டை வைத்துப் பற்றரி அனோட்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஹோமாகமையில் ஸ்லின்டெக் நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இப்படி ஓரிடத்தில் இருப்பவரை இணை ஆய்வாளராகச் சேர்த்தால் பட்ஜெட் நன்றாகக் குறையும். அவருடைய சம்மதக் கடிதத்தில் "ஒத்துழைப்போம்" என்ற ஒரு வரி போதாது. எந்தக் கருவி, மாதத்துக்கு எத்தனை நாள், நுகர்பொருளுக்கு யார் பணம் என்று எழுதி வாங்குங்கள்.

நம் பக்கத்தில் இருந்துகொண்டு எந்தத் தலைப்பை எடுப்பது?

திண்ம மின்பகுபொருள் பற்றரியை, அதாவது இரு முனைகளுக்கும் இடையே அயன்களைக் கடத்தும் பொருள் திரவமாக இல்லாமல் திண்மமாக இருக்கும் பற்றரியை, எடுக்காதீர்கள். அதற்கு உலர் அறை, உயர் அழுத்த அச்சு, பெரிய குழு எல்லாம் வேண்டும். அந்த ஓட்டத்தில் பெரிய வாகனக் கம்பெனிகளே பல வருடமாக மூச்சிரைக்கின்றன.

எங்கள் பரிந்துரை மூன்று. வெப்பத்தில் பற்றரி முதுமையடைவது ஒன்று. பரிசோதனை என்றால் 25 பாகை செல்சியஸ் என்பதே உலக வழக்கம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் மதியம் 33, 34 பாகை. தகரக் கூரைக்குக் கீழே சார்ஜில் கிடக்கும் போன் அதற்கும் மேலே சூடேறும். பற்றரிக்குள் நடக்கும் வேண்டாத இரசாயனத் தாக்கங்கள் பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொது விதி. எனவே 35, 45 பாகையில் எடுத்த ஒழுங்கான தரவு வெப்ப வலய நாடுகள் எல்லாவற்றுக்கும் பயன்படும், அதை எடுக்க மிகப் பெரிய கருவியும் தேவையில்லை.

உள்ளூர் மூலப்பொருள் இரண்டாவது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் நரம்புக் கிராபைட் இயற்கையிலேயே மிகத் தூய்மையானது; அனோட்டுக்கான சிலிக்கனை எடுக்க நெல் உமி நம் வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. மூன்றாவது, தண்ணீரில் இயங்கும் நாகப் பற்றரி. இது போனுக்கு ஆகாது, ஒரு கிலோவுக்குத் தரும் சக்தி குறைவு. ஆனால் மின்வெட்டில் ரூட்டரையும் எல்.இ.டி. விளக்கையும் தாங்கும் பெட்டிக்கு எடை ஒரு பொருட்டல்ல. எளிதில் தீப்பிடிக்காது என்பது வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்குப் பெரிய தகுதி.

குளோவ் பொக்ஸோ (காற்றுப் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) உலர் அறையோ இல்லாமல் லிதியம் செல் கட்ட முடியாதா?

முடியாது. வழமையான மின்பகுபொருளில் இருக்கும் லிதியம் ஹெக்சாபுளோரோபொஸ்பேட் உப்பு, தண்ணீர் பட்டவுடன் சிதைந்து ஐதரோபுளோரிக் அமிலத்தைத் தரும். அந்த அமிலம் கதோட்டைக் கரைக்கும், ஆளுக்கும் ஆபத்து. ஆகன் வாயு நிரம்பிய பெட்டிக்குள் நீராவியும் ஒட்சிசனும் மில்லியனில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். மாரி காலத்தில் நம் கரையோரக் காற்றின் சாரீரப்பதன் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் தொடும். ஏசி அறை இதற்குப் பதிலாகாது.

குளோவ் பொக்ஸ் வாங்கியே தீருவோம் என்றால் அதோடு வரும் செலவையும் எழுதுங்கள். 99.999 சதவீத ஆகன் சிலிண்டர் தொடர்ந்து வேண்டும். வடிகட்டியைப் புதுப்பிக்க ஆகனோடு 5 சதவீத ஐதரசன் கலந்த வாயு வேண்டும். கையுறை இறப்பரூடாக ஈரம் மெல்ல உள்ளே நுழையும் என்பதால் பெட்டி சும்மா இருக்கும்போதும் வடிகட்டியூடாக வாயுச் சுழற்சி ஓட வேண்டும். மின்வெட்டு நீண்டால் சுழற்சி நிற்கும், ஈரம் ஏறும், இரண்டு மூன்று நாள் வேலை போகும். மின்வெட்டில் கைகொடுக்கும் மாற்று மின்சாரம் இல்லாமல் இந்தப் பெட்டியை வாங்குவது பணத்தை வெயிலில் போடுவதுதான்.

நாகப் பற்றரியைத் திறந்த மேசையிலேயே கட்டலாம். தொடக்கச் சேர்மானம் இது: கதோட்டுக்கு மங்கனீசு ஈரொட்சைட்டு 70, காபன் பிளக் 20, தூளை ஒட்டவைக்கும் பிணைப்பான் 10 என்ற நிறை விகிதம். அதைக் காபன் தாளில் அல்லது தைத்தானியத் தகட்டில் பூசி, 80 பாகையில் இரவு முழுதும் உலர்த்த வேண்டும். அனோட்டுக்கு 0.1 மில்லிமீற்றர் நாகத் தகடு. இடையில் கண்ணாடி இழைத் தாள். மின்பகுபொருள், ஒரு லீற்றருக்கு 2 மூல் நாக சல்பேற்றும் 0.1 மூல் மங்கனீசு சல்பேற்றும் கலந்த கரைசல். மங்கனீசு சல்பேற்றை விட்டுவிட்டால் கதோட்டிலிருந்து மங்கனீசு கரைந்து, சார்ஜ் ஏற்றி இறக்கும் முதல் சில பத்துச் சுற்றுக்குள்ளேயே கொள்ளளவு சரியும்.

இதிலே அடிக்கடி நடக்கும் தவறு, மலிவான உருக்குக் கொயின் செல் (நாணய வடிவச் சோதனைச் செல்) மூடியைப் போடுவது. கரைசல் மெல்லிய அமிலத்தன்மை உடையது, மூடி அரிக்கும், அரிப்பிலிருந்து வரும் மின்னோட்டம் உங்கள் முடிவோடு கலந்துவிடும். மூடிக்கும் கதோட்டுக்கும் இடையே தைத்தானியத் தகடு வையுங்கள். நாகத்தின் மேல் ஐதரசன் வாயு வருவதும், ஊசி ஊசியாக நாகம் வளர்ந்து கண்ணாடித் தாளைத் துளைப்பதும்தான் உண்மையான ஆராய்ச்சிக் கேள்விகள். மானியம் கேட்க வேண்டியது அவற்றுக்குத்தான்.

உமியிலிருந்து சிலிக்கன் எடுத்துப் பற்றரி செய்யலாம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. போன் பற்றரியின் கிராபைட் அனோட்டு கிராமுக்கு 372 மில்லியம்பியர் மணிக்கு மேல் தராது. சிலிக்கனில் கணக்குப்படி 3,500க்கு மேல் உண்டு. 2023 முதல் சில சீனப் போன்கள் சிலிக்கனும் காபனும் கலந்த அனோட்டோடு வருகின்றன. ஆகவே கேள்வி பழையதல்ல.

வழி இதுதான். அரிசி ஆலையில் எடுத்த உமியைக் கழுவி, ஒரு லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில் 90 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து, நன்றாக அலசி உலர்த்துங்கள். இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் அதிகம். உமியிலுள்ள பொட்டாசியம் நீங்காவிட்டால் எரிக்கும்போது சிலிக்கா உருகி, கரியை உள்ளே பூட்டிவிடும்; சாம்பல் வெள்ளையாகாமல் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். பிறகு 600 தொடக்கம் 700 பாகையில் காற்றில் எரிக்க வேண்டும். அதற்கு மேலே போகாதீர்கள், சிலிக்கா படிகமாகி நுண்துளைகளை இழக்கும். ஒரு கிலோ உமியில் 180 கிராம் அளவில் சாம்பல் எதிர்பார்க்கலாம், அதில் பெரும்பகுதி சிலிக்கா.

சிலிக்காவிலிருந்து ஒட்சிசனைப் பறிக்க மகனீசியம் தூள். 60 கிராம் சிலிக்காவுக்கு 48.6 கிராம் மகனீசியம் என்பது கணக்கு. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கிராம் சிலிக்காவுக்கு மேல் எடுக்க வேண்டாம். 650 பாகையில், ஆகன் ஓட்டத்தில், குழாய் உலைக்குள் இது நடக்கும். தாக்கம் தொடங்கியதும் அதுவே பெரும் வெப்பத்தை வெளிவிட்டு, உருவான சிலிக்கனை உருக்கிக் கட்டியாக்கிவிடும். அதைத் தடுக்கச் சிலிக்காவைப் போல பத்து மடங்கு நிறை உலர்ந்த சாதாரண உப்பைக் கலப்பார்கள். உப்பு உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

இனி ஆபத்தான இடம். மகனீசியம் கூடிப்போனால் மகனீசியம் சிலிசைட்டு உருவாகும். அதில் அமிலம் பட்டால் சிலேன் வாயு வரும், சிலேன் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். கழுவும்போது பட்பட்டென்று வெடிச்சத்தம் கேட்டால் காரணம் அதுதான். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, புகையை வெளியே உறிஞ்சும் பியூம் ஹூட்டுக்குள், முகக்கவசம் போட்டுக்கொண்டு சேர்க்க வேண்டும். எஞ்சிய சிலிக்காவைக் கரைக்க ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டுமென்று பல கட்டுரைகள் சொல்லும். கல்சியம் குளுக்கோனேற்று ஜெல்லும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத ஆய்வுகூடத்தில் அந்தப் போத்தலையே திறக்கக் கூடாது. எஞ்சிய சிலிக்காவோடு அளந்து, அதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

சிலிக்கன் முழுமையாக லிதியத்தை ஏற்றால் கனவளவு ஏறத்தாழ நான்கு மடங்காகும், அனோட்டு வெடித்து உதிரும். எனவே கிராபைட்டோடு 5 தொடக்கம் 10 சதவீதம் கலந்து தொடங்குங்கள். பிணைப்பான் கார்பொக்சிமெதில் செலுலோஸ் அல்லது பொலிஅக்ரிலிக் அமிலமாக இருக்கட்டும். வழமையான பிணைப்பானான பி.வி.டி.எஃப். இந்த வீக்கத்தைத் தாங்காது. செல் கட்டுவதற்கு மட்டும் மாதிரியோடு கண்டிக்கோ வேறிடத்துக்கோ போய்வரலாம். உமி வேலை முழுவதும் இங்கேயே நடக்கும்.

கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இதில் என்ன இடம்?

பெரிய இடம். வெப்பத்தில் முதுமையடைந்த பற்றரிகள் உங்கள் மேசைக்குத்தான் நாள்தோறும் வருகின்றன. பல்கலைக்கழகம் ஒன்று எழுதும் முன்மொழிவில் கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்றுக் கடைகள் மாதிரி சேகரிக்கும் பங்காளிகளாக இருக்கலாம், அதற்குக் கொடுப்பனவும் பட்ஜெட்டில் போடலாம்.

கடைக்காரர் செய்ய வேண்டியது: ஒரே மொடல் போனின் பற்றரிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டி, போன் எத்தனை வருடம் பாவித்தது, எங்கே வைத்துச் சார்ஜ் போடுவார்கள், இதற்கு முன் மாற்றிய பற்றரியா என்று மூன்றே கேள்வி கேட்டு எழுதி வைப்பது. ஊதியது, நசுங்கியது, இனிப்பு வாசம் வருவது எதையும் இந்தத் தொகுதியில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனியாக உலர்ந்த மணலுள்ள உலோக வாளியில், கட்டடத்துக்கு வெளியே, நிழலில் வையுங்கள். உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி சேகரிப்பு தொடங்கும் முன்பே வந்திருக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில், லேபலிலுள்ள கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், லேபல் சொல்லும் உச்ச வோல்ற்றளவு வரை சார்ஜ் செய்து, அங்கேயே பிடித்து, மின்னோட்டம் அதே கொள்ளளவின் ஐம்பதில் ஒரு பங்காகக் குறையும்வரை விடுவார்கள். ஒரு மணித்தியாலம் ஆறவைத்து, அதே ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 3.0 வோல்ற்றுவரை இறக்கினால் வருவது உண்மையான கொள்ளளவு. உச்ச வோல்ற்றளவு 4.2 என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய போன்களில் 4.35, 4.4, 4.45 என்று வேறுபடும். கூட ஏற்றினால் ஆபத்து, குறைய ஏற்றினால் பற்றரி செத்துவிட்டது போலத் தோன்றும்.

போலிப் பற்றரியைத் தராசே காட்டிக்கொடுக்கும். 4,000 மில்லியம்பியர் மணி, 3.85 வோல்ற் என்றால் 15.4 வாற் மணி. நல்ல போன் பற்றரி கிலோவுக்கு 250 வாற் மணியை ஒட்டித் தருவதால் எடை 60 கிராமுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 40 கிராம் காட்டினால் லேபல் பொய். போலியைப் பிரித்தெடுக்காமல் சராசரி போட்டால் முழு ஆய்வும் கெடும்.

மதிப்பீட்டாளர் எந்த இலக்கத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்?

மூன்று இடத்தைச் சொல்லலாம்.

பூச்சின் நிறை முதலாவது. 14 மில்லிமீற்றர் வட்டத்தின் பரப்பு 1.54 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிகிராம் பூசினால் மொத்தமே ஒன்றரை மில்லிகிராம். தராசு 0.1 மில்லிகிராம் தவறினாலே ஆறு சதவீதத்துக்கு மேல் பிழை. இதைவிட மோசம் செப்புத் தகடு. 10 மைக்ரோமீற்றர் தடிப்பில் அந்த வட்டம் 14 மில்லிகிராம் அளவில் நிறுக்கும். தகட்டின் தடிப்பு மூன்று சதவீதம் மாறினால் 0.4 மில்லிகிராம், அதாவது பூச்சின் கால்வாசிக்கு மேல், காற்றில் போகிறது. "கிராபைட்டின் உச்ச வரம்பைத் தாண்டிய கிராபைட்" என்று சில அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் இப்படித்தான். 0.01 மில்லிகிராம் காட்டும் தராசைப் பட்ஜெட்டில் போடுங்கள், பூசாத தகட்டுத் துண்டுகள் பத்தையாவது நிறுத்துப் பரவலைச் சொல்லுங்கள். போன் பற்றரியில் சதுர சென்ரிமீற்றருக்கு 3 மில்லியம்பியர் மணிக்கு மேல் இருக்கும் என்பதால் தடித்த பூச்சிலும் ஒரு தரவு வேண்டும்.

இரண்டாவது, சார்ஜ் ஏற்றியதில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற விகிதம். 99.9 சதவீதம் என்றால் பிரமாதம் போலத் தெரியும். 500 சுற்றுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், எஞ்சுவது 61 சதவீதம். 500 சுற்றின் முடிவில் 80 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் சுற்றொன்றுக்கு 99.955க்கு மேல் வேண்டும். லிதியத் தகட்டை எதிரே வைத்துக் கட்டிய செல்லில் லிதியம் தாராளமாக இருப்பதால் இந்த இழப்பு மறைந்துவிடும். உண்மையான கதோட்டும் அனோட்டும் சேர்ந்த முழுச் செல் ஒன்றாவது கட்டாமல் "ஆயுள் நீண்டது" என்று எழுத வேண்டாம்.

மூன்றாவது, ஒரே ஒரு செல். ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது மூன்று.

பட்ஜெட்டில் எதை மறக்கிறார்கள்?

நேரத்தை. அரை சி வேகத்தில், அதாவது கொள்ளளவின் பாதி மின்னோட்டத்தில், ஏற இரண்டு மணித்தியாலம், இறங்க இரண்டு. 500 சுற்றுக்கு 2,000 மணித்தியாலம், 83 நாள். நான்கு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் மூன்று செல் என்றால் பன்னிரண்டு. ஒரே நேரத்தில் எட்டுச் செல்லை ஓட்டும் எட்டுச் சனல் டெஸ்டரில் இரண்டு தவணை, அதாவது ஐந்தரை மாதம். ஒருமுறை பிழைபோனால் வருடம் முடிந்தது. பதினாறு சனல் கேட்பது பேராசையல்ல, ஆனால் இந்தக் கணக்கை முன்மொழிவிலேயே காட்டுங்கள்.

டெஸ்டருக்கும் அதன் கணினிக்கும் யூ.பி.எஸ்., வெப்பநிலையை ஒரே நிலையில் பிடிக்கும் அலுமாரி, ஈரப்பதமானி, ஆகன் சிலிண்டர் வாடகை, கொழும்பிலிருந்து ஏற்றுகூலி, எக்ஸ்ரே விளிம்பு வளைவு, எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டி போன்ற அளவீடுகளுக்கு வெளியே கொடுக்கும் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். டொலர் விலையில் வாங்குவதற்கு இருப்பும் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதமளவில் 360 ஆனது. அந்த நேரத்தில் ரூபாவில் மட்டும் கணக்குப் போட்டிருந்த திட்டங்கள் கருவியில்லாமலே நின்றன.

மானியம் கிடைத்துவிட்டது. இனி எங்கே சிக்கும்?

கொள்முதலில். அரச கொள்முதல் விதிப்படி விலைமனு கோரி, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு பார்த்து, அனுமதி வந்து, பிறகுதான் கட்டளை. விவரக்குறிப்பை மங்கலாக எழுதினால் மலிவானதே வரும். "பற்றரி டெஸ்டர், எட்டுச் சனல்" என்று மட்டும் எழுதியவருக்கு மின்னோட்ட எல்லை 5 அம்பியர் உள்ள கருவி வந்தால், கொயின் செல்லின் ஒரு மில்லியம்பியரை அதால் அளக்க முடியாது. எல்லை 10 மில்லியம்பியர், துல்லியம் முழு அளவின் 0.05 சதவீதம், வோல்ற்றளவு 0 தொடக்கம் 5, மின்வெட்டுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, பொருத்தித் தந்து பயிற்சி, இரண்டு வருட உத்தரவாதம் என்று எழுதுங்கள். கருவியின் மொடல் பெயரைக் குறிப்பிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும், இலக்கங்களைக் குறிப்பிட்டால் வராது.

லிதியத் தகடும் மின்பகுபொருளும் ஆபத்தான சரக்கு. விமானக் கம்பெனி, சுங்கம், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கடந்து வர மாதங்கள் போகும். நிதி வந்த முதல் வாரமே இவற்றுக்கான தாள்களைத் தொடங்குங்கள். ஆராய்ச்சி உதவியாளரை எடுப்பதைக் கருவி வரும் மாதத்தோடு பொருத்துங்கள், இல்லாவிட்டால் அவருடைய ஒப்பந்தத்தில் பாதி காத்திருப்பதிலேயே கரையும். ஆறு மாத முன்னேற்ற அறிக்கையில் தாமதத்தை மறைக்காமல் காரணத்தோடு எழுதுபவருக்கு நீடிப்புக் கேட்பது எளிது.

செய்த செல்லைச் சோதனைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

தனியாக அனுப்பும் லிதியம் அயன் செல், ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் யூ.என். 3480 வகை. பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகாது, சரக்கு விமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. 38.3 என்ற ஐ.நா. பரிசோதனைத் தொகுதியில் தேறாத முன்மாதிரிக்குத் தனி அனுமதி வேண்டும். கையில் கட்டிய செல்லைச் சாதாரணப் பொதியில் மறைத்து அனுப்புவது ஆள் உயிரோடு விளையாட்டு. செல்லை அனுப்புவதைவிட உலர்ந்த தூளை அல்லது பூசிய தகட்டை அனுப்பி அங்கேயே கட்டச் சொல்வது எல்லா வகையிலும் நல்லது. பொருளாக விற்கும் கட்டத்தில் ஐ.ஈ.சி. 62133 பாதுகாப்புத் தரத்தையும் பார்க்க வேண்டும்.

காப்புரிமை எடுக்க வேண்டுமா?

முதலில் விண்ணப்பம், பிறகு மாநாடும் கட்டுரையும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பல நாடுகளில் உரிமை போய்விடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையில் காப்புரிமைக் காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் அதே முன்னுரிமைத் திகதியைக் கோரலாம். அரச மானியத்தில் செய்த வேலையின் உரிமை யாருக்கு, பங்கு எவ்வளவு என்பது மானிய ஒப்பந்தத்திலும் பல்கலைக்கழகக் கொள்கையிலும் இருக்கும். கையொப்பமிடும் முன் அந்தப் பந்தியை வாசியுங்கள். பங்காளிக் கடைக்காரரின் பெயரும் அங்கே வர வேண்டுமா என்று அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

முன்மொழிவு நிராகரிக்கப்பட்டால்?

மதிப்பீட்டாளர் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். "தரவு போதாது" என்று இருந்தால் பல்கலைக்கழகச் சிறு நிதியில் மூன்று செல், நூறு சுற்று எடுத்து அடுத்த அழைப்புக்குப் போகலாம். "வசதி இல்லை" என்று இருந்தால் இணை ஆய்வாளரை மாற்ற வேண்டும், தலைப்பை அல்ல. "புதுமை இல்லை" என்று இருந்தால் வெப்பநிலையைப் பாருங்கள்: 25 பாகையில் எல்லாரும் செய்த வேலை 45 பாகையில் செய்யப்படாமலே கிடக்கலாம். திருத்திய பகுதிகளுக்கு எதிரே பழைய குறிப்பின் இலக்கத்தைப் போட்டு, ஒரு பக்கக் கடிதத்தை மேலே வைத்து அனுப்புங்கள்.